பதினான்காம் பத்தி

சிறுவாணித் தண்ணீர் வருவதற்கு முன் குழாய் காற்றைத் துப்பும். இருமும், விக்கும், அப்புறம்தான் வாளியின் அடியில் தடதடவென்று விழும். அந்தச் சத்தம் கேட்டால் கையிலிருக்கிற வேலை நின்றுவிடும் எனக்கு. தண்ணீருக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கிறதா என்று காது போய்த் தேடும். கேட்காது. இந்த வீட்டில் இப்போது நான் மட்டும்தான்.

என் மனைவியாக இருந்தவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள் என்பது, கூட வாழ்ந்த காலமெல்லாம் எனக்குத் தெரியாது. கூட்டுக் குடும்பம், சுவருக்கெல்லாம் காது, வேறெங்கே போய் அழுவாள். அதை அவள் கோர்ட்டில் சொன்ன அன்று எனக்குக் காய்ச்சல். போகவில்லை. விவாகரத்து ஆன பிறகும் விட மனமில்லாமல் அப்பீலுக்குப் போனேன். அங்கேயும் அவள் பக்கமே தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பில் குழாயும் வந்தது, அவள் பெயரும் என் பெயரும் வந்தன. அது அப்படியே இணையத்தில் ஏறியது. அங்கேதான் படித்தேன்.

ரேஷன் கார்டில் அவள் பெயர் நீங்கிவிட்டது. வாசல் பலகையிலிருந்தும் போய்விட்டது. இணையத்தில் மட்டும் இருந்தது. பெயரைத் தட்டினால் முதல் வரியில் வருவாள். வறண்ட கோர்ட்டு இங்கிலீஷ். மேலே நான், கீழே அவள், நடுவில் 'எதிராக' என்று ஒரு சொல். ஏன் பிரிந்தோம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்குப் புரிந்ததில்லை. குழாய் வருகிற பத்தி மட்டும் புரியும். அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நான் மனசுக்குள் போய் அந்தக் குளியலறைக் கதவைத் தட்டுவேன்.

பல வருடம் கழித்து அவளே போன் செய்தாள். காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரிக்கு வரச் சொன்னாள். நான் போனபோது இரண்டு டீயும் தேங்காய் பன்னும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

"வாங்க. நல்லா இருக்கீங்களா?"

மாமா என்று கூப்பிட்டவள். இப்போது எனக்கு மிச்சமிருந்தது 'ங்க' மட்டும்தான். அதைக் கண்டக்டருக்கும் கொடுப்பார்கள் எங்கள் ஊரில்.

கருமத்தம்பட்டியில் டியூஷன் நடத்துகிறாள். வகுப்பில் ஒரு பிள்ளை, டீச்சர் பெயரைப் போனில் போட்டுப் பார்த்திருக்கிறது. தீர்ப்பு வந்திருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கும் போயிருக்கிறது.

"சிரிச்சாங்களா?" என்றேன்.

"சிரிச்சிருந்தாத் தேவலைங்க. ரொம்ப நல்லவங்களாயிப்போட்டாங்க. முன்னெல்லாம் என்ன கத்து கத்துவாங்க. இப்ப நான் கை கழுவக் குழாயத் தொறந்தாப் போதும், கிளாஸே கம்முனு ஆயிருது. காது குடுத்துட்டு உக்காந்திருக்குதுங்க, பாவம். வெளிய வந்தா என்ற கண்ணு செவந்திருக்குதான்னு ஒரு புள்ள உத்து உத்துப் பாக்குது. கையில மார்க்கர் மை சாமி, அதைக் கழுவத்தான் போனேன்னு சொல்லவா முடியும்?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கிளாஸை நிறுத்திப்போடலாமான்னு இருக்குதுங்க. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

இணையத்தில் இருக்கும் தீர்ப்பிலிருந்து பெயர்களை எடுக்கச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாமாம். இருவரும் சேர்ந்து கேட்டால் நல்லது என்று வக்கீல் சொன்னாராம். மனுவைக் கவரிலிருந்து எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"கோர்ட்டுன்னா தொறந்து கெடக்கோணும் அம்மணி. ஆளாளுக்கு அழிச்சுட்டே போனா, யாருக்கு என்ன நடந்துச்சுன்னு நாளைக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

நல்ல வாதம்தான். இன்றைக்கும் அதை நம்புகிறேன். ஆனால் அன்றைக்கு நான் காப்பாற்றப் பார்த்தது கோர்ட்டை அல்ல.

"உங்களுக்கென்னங்க, கதை எழுதறவங்க. பேரு எத்தன எடத்துல வந்தாலும் பத்தாது." பன்னைப் பிட்டு என் தட்டில் பாதியை வைத்தாள். பழைய பழக்கம், அவளே கவனிக்கவில்லை. "தீர்ப்பு இருக்கட்டுங்க. காங்கேயத்துல இருந்து ஒரு பொண்ணு, வக்கீலப் புடிச்சு என்ற நம்பர் வாங்கிப் பேசுச்சு. நம்ம கேஸக் காட்டித்தான் அதுக்கும் கோர்ட்டுல வழி பொறந்துச்சாம். படிக்கட்டும், நாலு பேரு படிக்கட்டும். யாரோ ஒரு பொம்பளைன்னு படிக்கட்டும். நான்னு எதுக்குங்க படிக்கோணும்?"

அவள் வைத்த பாதி பன்னைத் தட்டில் நகர்த்தினேன். அவளே தொடர்ந்தாள்.

"யாரோ ஓயாம அதைத் தொறந்து தொறந்து பாக்கறாங்களாட்ட இருக்குது, அதுனாலதான் மேலயே நிக்குதுன்னு எங்க கம்ப்யூட்டர் சார் சொல்றாரு. யாருக்குங்க என்ற மேல அத்தன அக்கறை? அந்தக் குழாய் சமாச்சாரம் எங்கியோ நடுவுல கெடக்குது, எனக்கே தேடித்தான்..."

"பதினாலாவது பத்தி" என்றேன்.

யோசிக்காமல் வந்துவிட்டது. அவள் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். பேக்கரிக்காரர் வந்து, "ஏனுங்ணா, இன்னொரு டீ போடட்டுங்களா?" என்றார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போய்விட்டார்.

பேனாவை அவளிடமே வாங்கினேன். மனுவில் அவள் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது, கடைசி எழுத்தின் வால் அதே மாதிரி நீண்டு. அதன் கீழே என்னுடையதைப் போட்டேன். எங்கள் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு 'எதிராக' என்ற சொல் நடுவில் நிற்காமல் எங்கள் பெயர்கள் ஒன்றாக வந்த தாள் இதுதான் என்று தோன்றியது. மை காயும்வரை கையை எடுக்கவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை.

பஸ் வரை கூட நடந்தேன். கருமத்தம்பட்டி வழியாகப் போகிற பஸ் புறப்பட உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து கவரை மடியில் வைத்துக்கொண்டாள். விசில் ஊதினார்கள். அவள் குனிந்து, பக்கத்து சீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"இனித் தேடாதீங்க, மாமா."