பசை விடவில்லை

செம்மண்டலத்தில் என் உடைந்த முன்பல்லில் துண்டு ஒட்டிய பல் மருத்துவர், கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றியிருப்பார். கடைத்தெருவில் பார்த்தாலும், "ஈன்னு காட்டுங்க சார்" என்று ஒட்டிய இடத்தை நகத்தால் தட்டிப் பார்ப்பார்.

என் டைரிப்படி அந்த ஒட்டு ஆறு வருடம், நான்கு மாதம் தாங்கியது. சிதம்பரத்தில் என் மகள் கல்யாணத்தன்று, முறுக்கு கடித்தபோது துண்டு கழன்று கைக்கு வந்தது. போட்டோவுக்கு நிற்க வேண்டும். விருந்துக்கு வந்திருந்த அவரிடம் ஓடினேன்.

கண்ணாடியை இறக்கித் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பசை விடல சார்! உங்க பல்லையும் சேத்துப் பேத்துக்கிட்டு வந்திருக்கு பாருங்க. பல்லுதான் வீக்கு!"

"இப்ப நான் எப்படி சார் சிரிக்கிறது?"

அவர் அதற்குள் சம்பந்தியிடம் அதைக் காட்டப் போய்விட்டார்.

ஆல்பம் முழுக்க நான் வாயை மூடியிருக்கிறேன். ஒரு படத்தில் மட்டும், மணமக்களுக்குப் பக்கத்தில், அவர் அந்தத் துண்டை உயர்த்திப் பிடித்தபடி எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறார்.