புகைக்கு இரண்டு கோடு

காட்டுத்தீ அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கணக்கு’. மலையில் இரண்டு காவல் கோபுரங்கள். மேற்கில் அவள் புருஷன், கிழக்கில் கூடப்பிறந்த அண்ணன். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். இரவல் வாங்கிய பைனாகுலரைக் கீறலோடு திருப்பிக் கொடுத்தான் என்கிறான் அண்ணன். வாங்கும்போதே கீறல் இருந்தது என்கிறான் புருஷன். இந்த அற்ப விஷயத்துக்காகப் பல வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. ஒயர்லெஸ்ஸில் இருவரும் நாறடித்துக்கொண்டதில், அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு ஆளுக்கொரு போன் போட்டுக் கொடுத்தார். இரண்டும் அவள் மேஜையில்தான் இருந்தன. இரண்டு பேர் வசவும் அவள் காதில்தான் விழுந்தது.

கோபுரத்திலிருந்து புகையின் திசைதான் தெரியும், தூரம் தெரியாது. ஒருவன் மட்டும் சொன்னால் வரைபடத்தில் ஒரு கோடு கிடைக்கும், அவ்வளவுதான். மற்றவனும் சொன்னால், இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியைச் சமன்பாடு போட்டு அவள் கண்டுபிடிப்பாள்.

அன்று மத்தியானம் புருஷன் போன் செய்தான்.

“புகை தெரியுது. வடக்குலேருந்து கிழக்கே இருபத்தேழு டிகிரி.”

கோபுரம் இருக்கும் இடத்தையும் அந்தக் கோணத்தையும் வைத்து அவள் y = 2x + 1 என்று எழுதினாள். அந்தக் கோடு முதலில் ஆளில்லாத கல்குவாரியைத் தொட்டது. அதைத் தாண்டி மரம் வெட்டுகிறவர்கள் குடும்பத்தோடு தங்கியிருந்த கொட்டகைகள். குவாரிக்கு மேற்கு ரோடு, கொட்டகைக்குக் கிழக்கு ரோடு. இருப்பதோ ஒரே தீயணைப்பு வண்டி. தப்பான ரோட்டில் போனால் அத்தனை பேரும் கருகிப்போவார்கள்.

அண்ணனைக் கூப்பிட்டாள்.

“உம் புருஷனையே கேளு பாப்பா. அவன் கோட்டுக்கு நான் ஏன் ஒத்து ஊதணும்?”

“அண்ணா, கொட்டகையில கொழந்தைங்க இருக்குண்ணா!”

“அவருதான் பெரிய ஆளாச்சே. அவரே கண்டுபிடிக்கட்டும்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் டிரைவர் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். இந்த வீம்பனிடம் கெஞ்சிப் பயனில்லை.

“சரி, விடு. உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு, புகைக்கும் மேகத்துக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு அவர் அப்பவே சொன்னார்.”

பச்சைப் பொய். புருஷன் அன்று அப்படி எதுவும் சொல்லவில்லை.

“எனக்கா கண்ணு அவிஞ்சு போச்சு? எழுதிக்கோடி! வடக்குலேருந்து மேற்கே நாப்பத்தஞ்சு!”

y = 10 − x. அப்படியென்றால் 2x + 1 = 10 − x. x மூன்று, y ஏழு. வரைபடத்தில் விரல் வைத்தாள். கொட்டகை.

“கிழக்கு ரோடு!” என்று ஜன்னல் வழியே கத்தினாள்.

கொட்டகைகள் எரிந்து போயின. ஆட்கள் எல்லோரும் தப்பித்தார்கள்.

சாயங்காலம் இரண்டு போனும் அடுத்தடுத்து அடித்தன. இரண்டிலும் ஒரே கேள்வி. “யார் கோடு தப்பு?”

“ரெண்டும் சரி. ஒண்ணு தப்பா இருந்திருந்தாலும் புள்ளி வேற எங்கேயோ போயிருக்கும்” என்றாள் இருவரிடமும்.

எதிரியும் சரி என்று அவள் சொன்னதை இருவராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வீட்டில் புருஷன் சாப்பிடாமலே படுத்துக்கொண்டான். மறுநாள் காலை அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவள் எடுத்தாள்.

“ஆபீஸா?” என்றான். பாப்பா என்று சொல்லவில்லை.

அடுத்த போன் அடித்தது. புருஷன்.

“ஆபீஸா?”