பிரேக்கைப் பார்த்தவர் பாய்தான்

ஓட்டத் தகுதியில்லை என்று தாம் தீர்மானித்த காரை எங்கள் மெக்கானிக் பாய் பூட்டி வைக்க மாட்டார். பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் ரோட்டர் என்ற சிறு துண்டை மட்டும் எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில், அவர் பேச்சில் சோப்பில், போட்டுக்கொள்வார். அது இல்லாமல் எஞ்சின் உயிர் பெறாது. "சாவி உங்ககிட்டயே இருக்கட்டுங்க முதலாளி, உசிரு மட்டும் என்ற சோப்புல இருக்கட்டும்" என்பார். வேலை முடிந்த பிறகே ரோட்டர் தன் இடத்துக்குத் திரும்பும். கோயமுத்தூரில் பழைய வெளிநாட்டுக் கார் வைத்திருந்த ஏழெட்டுக் குடும்பங்களும் இந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டிருந்தன. அதை மீறியவன் நான் ஒருவனே.

எங்களுடையது என் தகப்பனார் வாங்கிய கறுப்பு நிற ஜெர்மன் கார். அவர் காலத்தில் அது எங்கள் பஞ்சு மில்லின் கம்பீரம். என் காலத்தில் தீராத வைத்தியம். வெயில் காலத்தில் அவிநாசி சாலையின் ஒரு சிக்னலில் நின்றால் போதும், ரேடியேட்டர் கொதித்துவிடும். நான்கு மாதம் ஷெட்டில் நின்றால் பெட்ரோல் பிசினாகிக் குழாய்களை அடைக்கும். ரப்பர் வாஷர்கள் காய்ந்து வெடிக்கும். ஒரு மழைக்காலத்தில் எலிகள் ஒயரிங் முழுவதையும் கடித்துத் துப்பியிருந்தன. இப்போது விற்கும் எத்தனால் கலந்த பெட்ரோலோ பழைய ரப்பர் குழாய்களை உள்ளிருந்தே அரிக்கிறது. எந்த உதிரி பாகமும் இங்கே கிடைக்காது. பம்பாய் வியாபாரி மூலம் வரவழைக்க வேண்டும், அவர் சொன்னதே விலை. எங்கள் பொள்ளாச்சித் தோப்பின் தேங்காய் வெட்டுகளில் ஆண்டுக்கு இரண்டின் வருமானம் இந்தக் காருக்கென்றே போயிற்று. "ஓடற காருக்குத் தீனி போட்டாப் போதுமுங்க, நிக்கிற காருக்கு வைத்தியம் பாத்தே சொத்து அழிஞ்சு போயிருமுங்க" என்று பாய் சிரிப்பார். விற்றுவிடுங்கள் என்று மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வீட்டு மாப்பிள்ளைகள் அனைவரும் அந்தக் காரில்தான் மண்டபத்துக்குப் போனார்கள் என்பதை அவர் அறிவார்.

என் தங்கை மகனின் திருமணம் சென்னிமலையில் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை மலைமேல் முருகனைக் கும்பிட்டுவிட்டு, கீழே மண்டபத்துக்கு எங்கள் காரில் வந்து இறங்குவதாக ஏற்பாடு. அதற்குச் சரியாக ஒரு வாரம் இருக்கையில் பிரேக் மிதி தளர்ந்திருப்பதை உணர்ந்து, காரை உக்கடத்தில் பாயின் பட்டறைக்கு ஓட்டிச் சென்றேன். அவர் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார், முடிந்ததைச் சரிசெய்தார். பிறகு ரோட்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"பிரேக்கு மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போயிருச்சுங்க. பம்பாய்க்குச் சொல்லியிருக்கேன், வர பத்து நாளாகுமுங்க."

"ஒரு நாள் ஓட்டத்துக்குத்தானே பாய்? டவுனுக்குள்ள நல்லாத்தானே நிக்குது?"

"டவுனுக்குள்ள நிக்குமுங்க. மலையெறங்கறப்ப சூடேறுச்சுன்னா மிதி அடியில போய் உக்காந்துக்கும். மாப்பிள்ளைய வாடகைக் கார்ல கூட்டிட்டுப் போங்க முதலாளி, ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டீங்க."

அந்தக் கடைசிச் சொற்கள்தான் என்னைச் சுட்டன. பெண் வீட்டார் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்காரர்கள். அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும் புதிய கார்களை நான் பார்த்திருந்தேன். வாடகைக் காரில் மருமகனை இறக்குவதை எண்ணிப் பார்த்தேன். கையை நீட்டி, "குடுங்க பாய்" என்றேன். காரும் என்னுடையது, உத்தரவும் என்னுடையது. அவர் என்ன செய்வார்? "மல மட்டும் வேண்டாமுங்க" என்று சொல்லி ரோட்டரை என் உள்ளங்கையில் வைத்தார். அதைப் பொருத்தும் வேலையையும் நான் அவரிடமே வாங்கினேன்.

திருமணத்தன்று காரை நான்தான் ஓட்டினேன். முன்னிருக்கையில் என் தங்கை, பின்னால் மாப்பிள்ளை. மலையிலிருந்து இறங்கும்போது மூன்றாவது வளைவில் மிதி அடிவரை போயிற்று. கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, பாறைப் பக்கமாகக் காரை உரசி நிறுத்தினேன். டாஷ்போர்டில் ஊன்றிய தங்கையின் வலது மணிக்கட்டு முறிந்தது. முகூர்த்தம் தவறவில்லை. தங்கை இடது கையால் அட்சதை போட்டாள்.

மண்டபத்தில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு விசாரித்தார்கள். பாயிடமே தங்கள் பழைய கார்களை விட்டுவந்த நண்பர்கள் மூவர் அங்கிருந்தனர். "போன வாரந்தான் பிரேக்கைப் பார்த்து வாங்கினேன். பார்த்தவர் பாய்தான்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் படித்தவன் நான். பொய் சொல்லாமல் பொய்யை நம்பவைக்கும் வழி எனக்குத் தெரிந்திருந்தது.

திருமணம் முடிந்த மூன்றாம் நாள் பாய் சொன்னபடியே பாகத்தோடு வீட்டுக்கு வந்தார். "அம்மணி கை எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார், வேலையை முடித்தார். கை கழுவிய பிறகும் போகாமல் போர்டிகோவில் நின்றார்.

"அந்த மூணு பேரும் காரைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க முதலாளி. காரு போனா இன்னொண்ணு வருமுங்க. பிரேக்கு தெரியாதவன்னு பேரு வந்துருச்சுன்னா அப்பறம் எவனுங்க காரை உள்ள விடுவான்? நான் வேண்டாம்னு சொன்னத நீங்க ஒரு வார்த்தை அவங்ககிட்டச் சொல்லிப்போட்டீங்கன்னாப் போதும்."

"பார்க்கலாம் பாய்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், தெரிந்தே தங்கையையும் மணமகனையும் மலைமேல் ஏற்றியவன் என்று நான் ஆவேன். நாளை சொல்லலாம் என்று ஒத்திப்போட்டேன். பிறகு கேட்பார் இல்லை என்று விட்டுவிட்டேன். ஓராண்டுக்குள் மற்றக் கார்களும் அவரை விட்டுப் போயின. பட்டறையை விட்டுவிட்டு, துடியலூரில் ஒரு இருசக்கர வாகனக் கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை மேட்டுப்பாளையம் சாலையில் போகும்போது பார்த்தேன். குந்தி உட்கார்ந்து ஒரு பைக்கின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காரின் சத்தத்தைக் கேட்டே எங்கள் கார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் தலை நிமிரவில்லை. நானும் நிறுத்தவில்லை.

சென்ற மாதம் அவர் காலமானார். கோட்டைமேட்டிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். மண்டபத்தில் அன்று என் பேச்சைக் கேட்ட மூவரில் ஒருவரும் வந்திருந்தார். சந்து முனையில் என்னை ஓரமாக அழைத்து, "பெரிய மனசுங்க உங்களுக்கு. அன்னைக்குக் குடும்பத்தையே கவுக்கப் பாத்த ஆளு, அவரு எழவுக்கும் வந்து நிக்கறீங்களே" என்றார்.

பாயின் மகன் பத்தடி தள்ளி நின்று வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் காதுக்கு இது எட்டியது; கை ஒரு கணம் நின்றது. சொல்வதற்கு எனக்கு அதைவிட நல்ல இடமும் நேரமும் கிடைத்திருக்காது. கேட்க வேண்டியவர்கள் இருவருமே அங்கிருந்தார்கள்.

"போனவரப் பத்தி இப்ப எதுக்குங்க?" என்றேன்.

நண்பர் என் தோளைத் தட்டிப் பெருந்தன்மையை மெச்சினார். மகன் அருகே வந்து எனக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார், வாங்கிக் குடித்தேன். இப்போது அனைத்தையும் எழுதிவிட்டேன். படிக்கிறவர்களுக்கு அவர் யார் என்று தெரியப்போவதில்லை. நான் யார் என்றும் தெரியாது. என் பெயரை இதன் கீழே போட இன்று காலையிலிருந்து மூன்று முறை பேனாவை எடுத்து, மூன்று முறையும் மூடி வைத்தேன்.