கோத்தகிரி வளைவில் ஒரு சிரிப்பு

கோத்தகிரியில் ஒரு பெரியவரிடம் இரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் இருந்தன. ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். நரைத்த மீசை, காதை மூடிய கம்பளிக் குல்லாய். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். மேட்டுப்பாளையம் சாலையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் இரண்டையும் ஓட்டிக் காட்டினார். சிவப்பு வண்டி நினைத்த இடத்தில் திரும்பியது. பச்சை வண்டியின் பின்பக்கம் வெளியே சறுக்கியது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துக்கொண்டே அவர் சிரித்தார்.

“எதைக் குடுக்கறீங்க?” என்றேன்.

“செவப்பைத்தானுங்க. அது ஆரு ஓட்டினாலும் சொன்ன பேச்சு கேக்கும். பச்சை வேற ஊட்டுக்குப் போனா ஆரையாச்சும் பள்ளத்துல தள்ளிப்போடுமுங்க.”

சிவப்பை வாங்கி வருடங்கள் ஓடிவிட்டன. இப்போதும் அந்த வளைவு வந்தால் செருப்பைக் கழற்றிவிடுகிறேன். சிவப்பு வண்டி ஒழுங்காகத் திரும்புகிறது. அவருடைய சிரிப்புதான் எனக்கு வரமாட்டேன் என்கிறது.