கயிற்றில் தோல் காயாத நாள்

ஐந்தாறு வருஷங்களுக்கு முன்பு, ஒரு தை மாதக் காலையில், காட்பாடியிலிருந்து ஆம்பூர் போகும் ரயிலில் நடந்தது இது. எனக்கு அப்போது அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. தாலுகா கச்சேரி உத்தியோகம் முடிந்து, வேலூரில் வீட்டோடு இருந்தேன். வீட்டோடு என்பது பேச்சுக்குத்தான். என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். கோட்டையைச் சுற்றி ஒரு நடை, கடைத்தெருவுக்கு ஒரு நடை, எதற்காக வந்தோம் என்பது மறந்துபோய்த் திரும்பவும் வீட்டுக்கு ஒரு நடை. அப்படிப்பட்ட ஆசாமி நான்.

ஆனால் அன்று ரயிலில் இருந்த தவிப்பு அந்த ரகமல்ல. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பழைய வெள்ளைக்கார மகாராணி இருந்த காலத்தில் வேலூரில் ஹைஸ்கூல் படித்தோம். கடைசி பெஞ்சில் நாலு பேர். ஒருவன் ஆம்பூர் முஸ்லிம் பையன். அவன் அத்தாவுக்கு அங்கே தோல் பதனிடும் கிடங்கு இருந்தது. எத்தனை தடவை வெளுத்தாலும் அவன் சட்டையில் ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் கலந்த வாசனை போகாது. முன் பெஞ்சுக்காரர்கள் மூக்கைப் பிடித்ததில் அவன் பின்னால் வந்தான். இன்னொருவன் குடியாத்தத்து நெசவுக்காரர் வீட்டுப் பையன், நகக்கண்ணில் எப்போதும் சாயம். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே வியர்த்துப்போகும் கூச்சக்காரன். அவனாகவே பின்னால் வந்தான். மூன்றாமவன் அரக்கோணத்துக்காரன். வாத்தியார் போர்டுப் பக்கம் திரும்பினால் எஞ்சின் மாதிரி ஊதுவான். பின்னாளில் ரயில்வேயிலேயே கார்டு ஆனான். அவனை வாத்தியாரே பின்னால் அனுப்பினார். என்னை அனுப்பிய காரணம், என் வாய். இப்படி ஒதுங்கியும் ஒதுக்கப்பட்டும் சேர்ந்த நாலு பேர் ஆயுசு முழுவதும் பிரியவில்லை. வருஷத்துக்கு ஒரு முறையாவது வேலூரில் கூடுவோம். பேரன் பேத்தி எடுத்த பிறகும் வாடா போடா தான்.

முதலில் போனவன் குடியாத்தத்துக்காரன். ஆம்பூரிலிருந்து வந்த என் நண்பன் தொப்பியோடு நேராகப் பாடையருகே போய் நின்றான். சொந்தக்காரர்கள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். செத்தவனின் அப்பா, அந்தத் தள்ளாத வயதில், "விடுங்கப்பா. எம் புள்ள கூட உக்காந்த புள்ள" என்றார். சொந்தக்காரர்கள் வழி விட்டார்கள். மூன்று பேரும் தோள் கொடுத்தோம். அதிலிருந்து அது எங்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட வழக்கமாகிவிட்டது. சில வருஷம் கழித்து அரக்கோணத்துக்காரன் போனபோது, அதே மாதிரி நாங்கள் இரண்டு பேரும் முன்பக்கம் பிடித்தோம்.

அன்றைக்குத் திரும்பி வருகிற ரயிலில் ஆம்பூரான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு, "இன்னும் ரெண்டு பேருதான்டா. ஒருத்தனுக்குத் தோள் கிடைச்சிரும். இன்னொருத்தன் கதி இன்னா?" என்றான். நான் ஏதோ கிண்டல் பண்ணி அதை மூடினேன். மூடினேனே தவிர அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தபால்காரர் தெருவில் திரும்பினால் கதவைச் சாத்திக்கொள்வேன். ஆம்பூர்ப் பக்கத்து ஆள் யாராவது எதிரே வந்தால் முகத்தைப் பார்க்கப் பயந்து சந்தில் நுழைந்துவிடுவேன். நான் போவதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அவன் போய் நான் மிஞ்சினால் என்ன செய்வேன் என்பதுதான் என்னை அரித்தது.

இப்போது அந்தத் தை மாதத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பெரியவர் குடியிருந்தார். திடீரென்று ஒரு நாள் காலை அவர் காலமாகிவிட்டார். வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல். என் வாசலில்தான் பந்தல், என் வாசலில்தான் பாடை, சங்கு எல்லாம். சாயங்காலத்துக்குள் காரியம் முடிந்தது. அன்றிரவு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலையில் குளித்து, வேஷ்டியைக் கட்டிக்கொண்டு, ஆம்பூருக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அவனுடைய கிடங்கு ஆம்பூர் ஸ்டேஷனுக்குச் சற்று முன்னாலேயே ரயிலிலிருந்து தெரியும். பாலாற்றுப் பக்கம் பெரிய மைதானம் போல வெளி, வரிசை வரிசையாகக் கயிறு, அதில் பதப்பட்ட ஆட்டுத் தோல்கள் தொங்கும். எத்தனையோ வருஷமாக அந்த வழியே போகிறேன். அந்தத் தோல்களைப் பார்த்தால்தான் ஆம்பூர் வந்ததாக எனக்குக் கணக்கு.

அன்றைக்குக் கயிறுகள் வெறுமையாக இருந்தன.

வெள்ளிக்கிழமை அல்ல. பண்டிகை அல்ல. மழையும் இல்லை. நல்ல வெயில். வெளியில் ஓர் ஆள் இல்லை. அவன் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியும். வீட்டில் சாவு விழுந்தால் கயிற்றில் தோல் தொங்கக் கூடாது. எல்லாவற்றையும் இறக்கி அடுக்கிவிடுவார்கள். அவன் அத்தா இறந்தபோது நானே அதைப் பார்த்திருக்கிறேன். அவன் மனைவி முன்பே போய்விட்டாள். பிள்ளைகள் திடகாத்திரமானவர்கள். மிச்சம் இருப்பது அவன்தான்.

அங்கிருந்து ஸ்டேஷன் போய்ச் சேருகிற கொஞ்ச தூரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், இந்தக் கதவுக்குப் போனேன், அந்தக் கதவுக்குப் போனேன். எதிரே இருந்தவர், "இன்னா பெரியவரே, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் நான் என்ன சொல்வது? வாயைத் திறந்தால் ஓவென்று அழுதுவிடுவேன் என்று பயந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை ஜனம் இருந்த வண்டியில் அவ்வளவு தனியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

வண்டி நின்றது. இறங்கினேன். வண்டி போனதும் எதிர்ப்பக்கத்தில் காட்பாடி போகிற வண்டிக்காக ஜனங்கள் நிற்பது தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் வாழையிலையில் சுற்றிய பெரிய ரோஜா மாலையோடு, கண்ணெல்லாம் வீங்கிப்போய், என் நண்பன் நின்றிருந்தான்.

அவனும் என்னைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. தண்டவாளத்தைத் தாண்டிப் போய் அவன் கையைப் பிடித்தேன். பிடித்த கையை அவன் தடவித் தடவிப் பார்த்தான்.

"டேய், நீ நேத்தே போய்ட்டேடா" என்றான்.

"நீதான்டா போய்ட்ட. கயிறெல்லாம் காலியா கிடக்குது" என்றேன்.

"அது உனக்காகடா, பேமானி."

நடந்தது இதுதான். அவனுக்குப் பச்சைத் தோல் வாங்கி வருகிற ஆள் ஒருவர் உண்டு. வேலூர்ப் பக்கம் போனால் என் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது அவருக்கு நிரந்தர உத்தரவு. முந்தின நாள் அவர் வண்டி நிறையத் தோலோடு என் தெருவில் திரும்பியிருக்கிறார். வாசலில் பாடையைப் பார்த்திருக்கிறார். இந்த நாற்றத்தோடு சாவு வீட்டில் நுழைவதா, நாலு பேர் முகம் சுளிப்பார்களே என்று கூச்சப்பட்டு, யாரையும் கேட்காமல் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆம்பூரில் போய்ச் சொல்லும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அன்றன்றே எடுத்துவிடும் எங்கள் வீட்டு வழக்கம் அவனுக்குத் தெரியும். அதற்குள் எரித்திருப்பார்கள். தோள் கொடுக்க முடியாமல் போய்விட்டதே என்று அவன் அழுதிருக்கிறான். விடிந்ததும் கயிற்றிலிருந்த தோலையெல்லாம் இறக்கச் சொல்லிவிட்டு, பால் தெளிப்புக்காவது போவோம் என்று மாலையோடு வந்து நின்றிருக்கிறான்.

சொந்த ரத்தத்துக்கு மட்டும் செய்கிற வழக்கத்தை எனக்காகச் செய்திருக்கிறான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாலையை என்ன செய்வது என்று ஒரு குழப்பம். உயிரோடு இருப்பவன் கழுத்தில் அதைப் போட முடியாது. கடைசியில் போகிற வழியில் ஒரு தர்காவில் கொடுத்துவிட்டு இருவரும் கிடங்குக்கு நடந்தோம்.

மேஸ்திரி ஓடி வந்தார். "மொதலாளி, சுண்ணாம்புத் தொட்டில கிடக்கற தோலு கெட்டுப்பூடும். எப்ப ஆளுங்கள கூப்புடறது?" என்றார்.

"இப்பவே கூப்புடு. செத்தவனே வந்துட்டான்" என்று என்னைக் காட்டினான். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும்.

மத்தியானம் அவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "நீ போனா தாங்கிக்குவேன்டா. எல்லாரும் போறதுதான். ஆனா அந்த ஜன்னல்ல தனியா உக்காந்து தெரிஞ்சிக்கிட்டேன் பாரு, அத மட்டும் இன்னொரு வாட்டி தாங்க மாட்டேன்."

"அப்டியா" என்றான். சுண்ணாம்பு டப்பாவைத் தேடினான். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம் சில வருஷம் நன்றாகவே ஓடியது. நான் அடிக்கடி போவேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, கயிற்றில் தோலைப் பார்த்ததும் மனசு தணியும். வீட்டில் போய், "உன் தோலைப் பாத்தேன், நீ இருக்கறேன்னு தெரிஞ்சிக்கிட்டேன்" என்பேன். "என் தோலா, ஆட்டுத் தோலாடா?" என்பான். இது எங்களுக்கு ஒவ்வொரு முறையும் நடக்கும் வேடிக்கை.

போன வருஷம் ஒரு நாள் காலையில் அந்தத் தோல் வாங்குகிற ஆள் என் வீட்டுக்கு வந்தார். வாசலில் நிற்கவில்லை. நேராகக் கூடத்துக்கு வந்தார். குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"மொதலாளி உங்கள கையோட இட்டுக்கினு வரச் சொன்னாரு" என்றார்.

"இன்னா, ஒடம்பு ஏதாவது?"

"வாங்க, போலாம்" என்று மட்டும் சொன்னார்.

ரயிலில் நான் பரபரத்துக்கொண்டே இருந்தேன். அவர் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். ஆம்பூர் நெருங்க நெருங்க ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டேன். கிடங்கு வந்தது. வரிசை வரிசையாகக் கயிறு, கயிறு நிறையத் தோல், வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது. "பாத்தியாப்பா, பயமுறுத்திட்டியே" என்று அவர் தோளைத் தட்டினேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தூக்கம் கெட்டிருக்கும் என்று நினைத்தேன்.

பிளாட்பாரத்தில் அவன் மூத்த மகன் நின்றிருந்தான். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. நான் இறங்கியதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். பிடியை விடவில்லை.

"அத்தா விடிகாலைல போய்ட்டாருங்க" என்றான்.

நான் கிடங்கு இருந்த திசையில் கையைக் காட்டினேன்.

"போன மாசமே சொல்லி வச்சிட்டாருங்க. 'நான் போனா கயித்துல இருக்கற தோல ஒருத்தரும் தொடக்கூடாது. அவன் ஜன்னல்லதான் உக்காருவான். அங்கியே தெரிஞ்சிக்கினா தனியா பேஜாராயிடுவான். அவன் எறங்கட்டும். நீ கையப் புடிச்சிக்கினு சொல்லு. அப்பறம் எடுத்துக்கலாம்'னாரு. மேஸ்திரிகிட்டயும் அதயே சொன்னாரு."

பிளாட்பாரம் என்றும் பாராமல் அழுதேன். அந்தப் பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

அன்று மாலைத் தொழுகைக்குப் பிறகு அவனை அடக்கம் செய்தார்கள். நான் தோள் கொடுத்தேன். அவனைத் தூக்கிய சந்தூக்குப் பெட்டியின் கட்டையில் என் தோளுக்குப் பக்கத்தில் அவன் மகன் தோள். போகிற வழியில் கிடங்கைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். மேஸ்திரியும் ஆட்களும் தோல்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்போதும் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கடைசி பெஞ்சில் நான் ஒருவன்தான் மிச்சம். எனக்குத் தோள் கொடுக்க அவர்களில் யாருமில்லை என்ற நினைப்பு வரும்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுகிறேன். சில நாள் கால் அதுவாகவே ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறது. ஆம்பூர் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கயிற்றில் தோல் ஆடுவதைப் பார்க்கிறேன். தன் சாவு என்னைத் தனியாகப் பார்த்துத் தாக்கிவிடக் கூடாதே என்று, சாவதற்கு ஒரு மாசம் முன்பே எனக்காகக் கவலைப்பட்டவன் ஒருவன் எனக்கு வாய்த்தான் என்று நினைக்கும்போது, அந்த ஜன்னலோரத்தில் மட்டும் என் கால்கள் சும்மா இருக்கின்றன.