பிடிமானம் இல்லாத புரதம்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கலங்கிய கண்களோடு இருப்பவர்களுக்கு விளக்குவதுதான் மரபணு ஆலோசகர் வேலை. இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

கஷாயம்

ராயபுரத்தில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். நெட்டுக்குப்பத்திலிருந்து தேவியும் அவள் கணவர் குமாரும் கைக்குழந்தையோடு வந்தார்கள். குமார் விசைப்படகில் போகிறவர். பிறந்ததிலிருந்தே குழந்தைக்கு நிற்காத பேதி, தோலெல்லாம் புண், போதாததற்குச் சர்க்கரை வேறு.

பரிசோதனை முடிவு வந்திருந்தது. நம் எதிர்ப்பு அணுக்கள் சொந்த உடம்பையே தாக்காமல் அடக்கிவைக்கச் சில காவல் அணுக்கள் உண்டு. அவற்றுக்குள் ஒரு புரதம் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு, எந்த மரபணு வேலை செய்யலாம், எது சும்மா இருக்கலாம் என்று பார்த்துக்கொள்ளும். இவர்கள் மகனுக்கு அந்தப் புரதத்தின் பிடிக்கிற பாகமே கோணலாக அமைந்துவிட்டது. அடக்க ஆளில்லாமல் எதிர்ப்பு அணுக்கள் குடலையும் தோலையும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் கணையத்தையும் தாக்குகின்றன என்றேன்.

குமார் திடுக்கிட்டார். "இன்னா மேடம் இது, எதிர்ப்பு சக்தி ஏறட்டும்னு தெனிக்கும் கஷாயம் ஊத்திகினு கீறோமே!"

யார் வழி?

அடுத்த தடவை குமாரின் அக்காவும் வந்தார். இந்தக் கோளாறு தாய் வழியாக வரும், தாய்க்கு ஒன்றும் செய்யாது, ஆண் பிள்ளையைத்தான் தாக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பாத்தியா, எங்க வூட்ல இதெல்லாம் கெடையாது" என்றார் அக்கா, குமாரிடம்.

குடும்பத்தில் வேறு ஆண் குழந்தை தவறியிருக்கிறதா என்று கேட்டேன். தேவியின் தம்பி கைக்குழந்தையாகவே பேதியில் போயிருக்கிறான். தாய் சரியாகப் பார்க்கவில்லை என்று ஊரே ஏசியதாம். அவனுக்கும் இதுவே இருந்திருக்கலாம், எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் அன்றைக்குக் காப்பாற்றியிருக்க முடியாது என்றேன்.

தேவி அழுதாள். "அப்போ எங்கம்மா மேல தப்பே இல்லியா மேடம்?"

குமார் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "இவ மேலயும் இல்ல. இத்தோட வுட்டுடுக்கா."

குட்டி அக்காவின் மஜ்ஜை

வழி ஒன்றுதான்: பொருந்துகிறவரின் எலும்பு மஜ்ஜையைக் குழந்தைக்குச் செலுத்த வேண்டும். தேவியின் மூத்த மகள் யாழினியின் மஜ்ஜை பொருந்தியது. பள்ளிச் சீருடையோடு வந்தவள் கேட்டது ஒன்றே: "எலும்புலேர்ந்து எடுத்தா நான் குள்ளமாயிடுவேனா ஆன்ட்டி?"

அவள் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறாள். மஜ்ஜை செலுத்தியபின் தம்பிக்கு நடுவில் காய்ச்சல் வந்து எங்களை ஆட்டிவைத்தது. பிறகு பேதி நின்றது, புண் ஆறியது. கணையம் கெட்டது கெட்டதுதான், இன்சுலின் ஊசி மட்டும் தொடர்கிறது. போன வாரம் அவன் தானே நடந்து என் அறைக்குள் வந்தான். பின்னால் வந்த குமார் புகார் சொன்னார்: "நெத்திலி வெச்சா தள்றான் மேடம், வஞ்சிரம்தான் வேணுமாம், இதுவும் அந்தப் புரதம் பண்ற வேலையா?"

பரிசோதனை முடிவை விளக்க அரைமணி நேரம் போதும், அதில் யார் மேலும் குற்றம் எழுதியிருக்கவில்லை என்று நம்பவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.