பூஜைக்குத் துடைத்த வட்டு

விளிம்பில் பாகைகள் பொறித்து, நடுவில் எட்டுத் துளைகள் போட்ட பித்தளை வட்டு அது. டீச்சருக்காக நான் லேத்தில் கடைந்து கொடுத்தது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரிப் பட்டறையில் வேலை பார்த்தேன். டீச்சர் வலியசாலையிலிருந்து நடந்தே வந்து, இயற்பியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

ஈயக் கட்டிக்குள் துளி கதிரியக்கச் சோடியம். அதிலிருந்து வரும் பாசிட்ரான், எலெக்ட்ரானோடு சேர்ந்து அழியும். அழிந்த இடத்திலிருந்து இரண்டு ஒளித்துகள்கள் எதிரெதிராக ஓடும். இரண்டையும் அலுமினியத்தில் மோதவிட்டு, சிதறி வருவதை இரண்டு கவுண்ட்டர்களில் ஒரே கணத்தில் பிடித்து எண்ண வேண்டும். ஒரு கவுண்ட்டர் அசையாது, இன்னொன்று என் வட்டில் உட்கார்ந்து திரும்பும். கவுண்ட்டர்கள் ஒரே பக்கம் பார்த்தால் எண்ணிக்கை குறையும், குறுக்காக நின்றால் கூடும் என்பது குவாண்டம் கணக்கு. "புருஷனும் பெண்டாட்டியும் மாதிரியா டீச்சரே?" என்று கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

சோடியம் இரவல் சரக்கு. விஜயதசமி கழிந்து வரும் வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பியாக வேண்டும். அதற்குள் அளவு கிடைக்காவிட்டால் டீச்சரின் ஆய்வேடு அவ்வளவுதான். இடையில் நவராத்திரி வந்தது. கருவிகளை வைத்துக் கும்பிடும் பூஜைவைப்புக்காக நான் வட்டைக் கழற்றிப் புளிபோட்டுத் தேய்த்து, மறுபடி மாட்டிச் சந்தனம் வைத்தேன். விஜயதசமி வரை யாரும் கருவியைத் தொடவில்லை.

திங்கட்கிழமை தொடங்கிய எண்ணிக்கை, பூஜ்யத்தில் வைத்தாலும் தொண்ணூறுக்குத் திருப்பினாலும் ஒன்றாகவே வந்தது. மூன்று நாளும் அப்படியே. டீச்சர் ஒயர்களை மாற்றினார், கணக்கைத் திரும்பப் போட்டார், டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. "ரெண்டும் பிணங்கிட்டுபோல டீச்சரே" என்றேன். எப்போதும் முறைப்பவர், அன்று முறைக்கக்கூட இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

வியாழன் காலை வட்டைப் பார்த்தேன். திருகு உரசிய பழைய தடம் ஒரு துளையில், நான் மாட்டிய திருகு பக்கத்துத் துளையில். சத்தமில்லாமல் மாற்றி மாட்டியிருக்கலாம். டீச்சர் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்.

அடி விழும் என்று நின்றேன். அவர் பென்சிலை எடுத்தார். ஒரு துளைக்கு நாற்பத்தைந்து பாகை. பூஜ்யம் என்று நினைத்தது நாற்பத்தைந்து, தொண்ணூறு என்று நினைத்தது நூற்று முப்பத்தைந்து. அந்த இரண்டு இடத்திலும் எண்ணிக்கை சமமாகத்தான் வர வேண்டுமாம்.

"அசடே, நீ தப்பா மாட்டினதுக்கும் தியரி சரியாத்தான் பதில் சொல்லியிருக்குடா" என்றார்.

சரியாக மாட்டி, வெள்ளி மாலைவரை எண்ணினோம். குறுக்கே கூடியது. ஆய்வேட்டில் என் நாற்பத்தைந்தும் ஏறியது.

நான் செய்தது தப்பா, உபகாரமா? எனக்கு இன்றுவரை புரியவில்லை. அடுத்த நவராத்திரிக்கு டீச்சர் என்னிடம் ஜன்னல்களை மட்டும் துடைக்கச் சொன்னார்.